கோலம் போட்ட கம்பளி கார்டிகன்: குழாயாகப் பின்னி, நடுவில் வெட்டித் திறக்கும் முறை

மார்கழி விடியலில் கும்பகோணத்தில் கொஞ்சம் குளிர் இருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்தால் ஏழு மணி வரை கையில் வியர்வை வராது. நான் பின்னுவது அந்த நேரத்தில்தான். காவிரிக்கரையில் யாருக்கும் இந்தக் கனத்தில் கம்பளிச் சட்டை தேவைப்படாது. என் பேத்தி ஸ்காட்லாந்தில் அபர்டீனில் இருக்கிறாள். குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இருட்டிவிடும் ஊர் அது. நம் வாசற்கோலத்தை அவள் மேல் போட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

இரண்டு நிற நூலால் உருவம் பின்னும் கார்டிகனை முன்பக்கம் திறந்த சட்டையாகப் பின்னுவது கடினம். ஊசியை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பர்ல் (மறுபக்கப் பின்னல்) போட வேண்டும். உருவம் கண்ணுக்குத் தெரியாது, இழுவையும் மாறிவிடும். ஷெட்லாந்து தீவுகளிலும் நார்வேயிலும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சட்டையை மூடிய குழாயாக, வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இரண்டு முனை ஊசி) நிட் (முகப்புப் பின்னல்) மட்டுமே போட்டுப் பின்னுகிறார்கள். முன்பக்க நடுவில் ஒரு சிறு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் அந்தப் பட்டையின் நடுவே கத்தரிக்கோல் வைத்து மேலிருந்து கீழாக வெட்டுகிறார்கள். அந்தப் பட்டைக்குப் பெயர் ஸ்டீக். ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு மூடுவது என்று பொருள். நான் வெட்டுப்பட்டை என்றே சொல்கிறேன்.

"பின்னினதை வெட்டினா பிரிஞ்சு போயிடாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய பனியனில் ஒரு கண்ணி விட்டுப்போனால் என்ன ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஏணி போல மேலும் கீழுமாகத்தான் ஓடும், பக்கவாட்டில் ஓடாது. வெட்டுப்பட்டையை நாம் நெடுக்கில் வெட்டுகிறோம். அறுபடுவது ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கே போகும் இழை மட்டும். அதன் நுனி பக்கத்துக் கண்ணியிலிருந்து நழுவப் பார்க்கும். நல்ல கம்பளி நழுவ விடாது, மெஷின் தையல் அறவே விடாது. வெட்டுகிற பத்து நிமிடத்தில் கெட்டுப்போன சட்டையை நான் பார்த்ததில்லை. கெடுவது அதற்கு மூன்று மாதம் முன்னால், நூல் வாங்கும்போது.

நூல்

எனக்கே அப்படி ஆனது. சுத்தக் கம்பளி என்று ஒரு கடையில் கொடுத்ததை நம்பி வாங்கி, பழகிப் பார்க்க ஒரு சாண் துண்டு பின்னி வெட்டினேன். அன்று தையல் போடவில்லை. மறுநாள் பார்த்தால் ஓரக் கண்ணிகள் நான்கு வரிசை ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. அது முழுக்க அக்ரிலிக். அன்றிலிருந்து எந்த நூலையும் இரண்டு சோதனை செய்யாமல் ஊசியில் ஏற்றுவதில்லை.

முதலாவது, திருபுவனத்துப் பட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த நெருப்புச் சோதனைதான். ஒரு விரல்நீள இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் கரியாக நிற்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். இரண்டாவது சோதனை உள்ளங்கையில். இரண்டு இழைகளின் நுனியைச் சற்றுப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளித் தண்ணீர் விட்டு, சூடு ஏறும்வரை உள்ளங்கைகளுக்கு நடுவே தேயுங்கள். ஒட்டிக்கொண்டு ஒரே இழையாகிவிட்டால் அந்த நூல் வெட்டுவதற்கு ஏற்றது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. அவைதான் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. மெஷினில் துவைக்கலாம் என்று சீட்டு ஒட்டிய கம்பளியில் அந்தச் செதிலை மழித்து மேலே ஒரு பூச்சும் கொடுத்திருப்பார்கள். அது முதல் சோதனையில் தேறிவிடும், இரண்டாவதில் தேறாது. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

அறுவடை முடிந்த நம் வயல்களில் ராமநாதபுரத்துக்காரர்கள் கிடை போடும் செம்மறிகளிடம் கம்பளி கிடைக்குமா என்று என் சின்ன மகன் ஒருமுறை கேட்டான். கிடைக்காது. அவற்றுக்கு இருப்பது குட்டை மயிர், நூற்கத் தக்க ரோமம் இல்லை. வயலுக்கு எருவாகவே அவை நமக்கு உதவுகின்றன. லூதியானா ஆலை நூல்களில் நூறு சதவீதக் கம்பளி கிடைத்தால் வாங்கலாம். நான் பின்னியது மகள் வாங்கி அனுப்பிய ஷெட்லாந்து நூல். இரண்டு புரி, 25 கிராம் பந்தில் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அபர்டீன் துறைமுகத்திலிருந்துதான் அந்தத் தீவுகளுக்குக் கப்பல் போகிறது, ஆகவே அவளுக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்கு. தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்புதான் நமக்கு வேண்டியது, நனைத்து எடுத்தால் இளகிவிடும்.

இந்த அளவுக்கு, அதாவது ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு, நிலத்துக்கு (பின்னணி நிறத்துக்கு) 150 கிராமும் கோலத்துக்கு 100 கிராமும் வைத்துக்கொண்டால் பதற வேண்டாம். நான் எடுத்தது காவி நிலத்தில் வெள்ளைக் கோலம். நிறம் தேர்ந்ததும் இரண்டு பந்தையும் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். ஒன்று கருமையாகவும் ஒன்று வெளிச்சமாகவும் தெரிய வேண்டும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிராகத் தோன்றினாலும் படத்தில் ஒரே சாம்பலாகிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட ஜோடியில் கோலம் நிலத்திலேயே கரைந்துபோகும். அடர்ந்த நிறத்தை ஈரமான வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு இரவு வைத்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஊசி, கை, வியர்வை

உடலுக்கு 3.25 மி.மீ. வட்ட ஊசி, 60 செ.மீ. நீளம். விளிம்புகளுக்கு 2.75 மி.மீ. கைகளுக்கு அதே அளவுகளில் இரு முனையும் கூரான குட்டை ஊசிகள். நம் கடைகளில் பழைய எண்ணிலும் விற்பார்கள். 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12ஆம் நம்பர் 2.75 மி.மீ. எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை மறந்துவிடாதீர்கள். மூங்கில் ஊசி அழகுதான், ஆனால் நம் புழுக்கத்தில் கம்பளி அதில் ஒட்டிக்கொண்டு நகராது. உலோக ஊசியே மேல். பங்குனி முதல் ஆனி வரை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டே ஆகவேண்டுமென்றால் கையை அலம்பித் துடைத்து, சிட்டிகை முகப்பவுடர் தடவிக்கொண்டு உட்காருவேன். வியர்வைக் கையில் நூல் இறுகும். இறுகினால் கோலம் சுருங்கும்.

புள்ளியிலிருந்து கட்டத்துக்கு

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஏழு நேர்ப்புள்ளி வைத்து, ஏழு வரிசை போடுங்கள். புள்ளிக்கும் ஒரு கட்டம், புள்ளிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கும் ஒரு கட்டம் என்று வைத்தால், 7 புள்ளியும் 6 இடைவெளியும் சேர்ந்து 13 கட்டம். கட்டம் போட்ட நோட்டில் 13க்கு 13 ஒரு சதுரம் வரைந்தால் வாசற்கோலம் பின்னல் வரைபடமாகிவிடுகிறது.

எல்லாக் கோலமும் இதற்கு ஒத்துவராது. சிக்குக்கோலத்தின் வளைவுகள் கட்டத்தில் படிக்கட்டாக உடைந்து அழகு கெடும். சாய்கோடுகள் உள்ள நட்சத்திரக் கோலம், மனைக்கோலம் போன்றவை பொருந்தும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு சுற்றில் இரண்டு நிறத்துக்கு மேல் எடுப்பதில்லை. பயன்படாத நிறம் உள்பக்கத்தில் கிடையாக ஓடும், இதைப் பின்னிழை என்று சொல்கிறேன். பின்னிழை ஐந்து கண்ணிக்கு மேல் நீண்டால் குழந்தையின் விரல் அதில் மாட்டும், பின்னலும் சுருங்கும். ஆக, வெற்றிடம் அகலமாக இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துப் பின்னிழையை நிறுத்த வேண்டும். தரையில் கோட்டைத் தாங்குவதற்குப் புள்ளி வைப்பது போலவே இங்கே இழையைத் தாங்குவதற்குப் புள்ளி.

நான் வரைந்ததைத் தருகிறேன், நோட்டில் நிரப்பிப் பாருங்கள். எண்கள் கோல நிறம் வரும் கட்டங்கள், மற்றதெல்லாம் நிலம்.

1ஆம் வரிசையும் 13ஆம் வரிசையும்: 1, 7, 13.
2, 12: 2, 6, 8, 12.
3, 11: 1, 5, 9, 13.
4, 10: 4, 10.
5, 9: 3, 7, 11.
6, 8: 2, 6, 8, 12.
7: 1, 5, 7, 9, 13.
14: முழுதும் நிலம்.

பெரிய சாய்சதுரம் ஒன்று, அதன் வயிற்றில் புள்ளி வைத்த சின்னச் சாய்சதுரம், மூலைகளில் சிறு பூ. 13ஆம் கட்டம் அடுத்த கோலத்தின் 1ஆம் கட்டமும் ஆகும், அதனால் அகலத்தில் 12 கண்ணிக்கு ஒருமுறை கோலம் திரும்ப வருகிறது. மேல்கீழாகவும் இடம்வலமாகவும் ஒன்றுபோல இருப்பதால், கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னும்போதும் கோலம் தலைகீழாகத் தெரியாது. கண்ணி உயரத்தைவிடச் சற்று அகலமானது, ஆகவே நோட்டில் உள்ளதைவிடக் கோலம் துணியில் கொஞ்சம் அமுங்கியே வரும்.

அளவுத்துண்டு

இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 40 கண்ணி ஏற்றி, சட்டை போலவே நிட் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் ஊசியைத் திருப்பாமல், நூல் இரண்டையும் பின்னால் தளர்வாக விட்டுக்கொண்டு, மறுபடி வலது முனையிலிருந்து தொடங்குங்கள். நனைத்து, விரித்து, காய்ந்த பிறகு அளங்கள். 10 செ.மீ.யில் 28 கண்ணி, 32 சுற்று வர வேண்டும். 30 கண்ணி வந்தால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள், 26 வந்தால் சிறிதாக்குங்கள். கையை மாற்ற முயலாதீர்கள். அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், வெட்டிப் பழகுவதற்கு அதுதான்.

இரண்டு நூலில் எது கீழிருந்து வருகிறதோ அதுவே துணியின் முகத்தில் எடுப்பாகத் தெரியும். கோல நூலை எப்போதும் கீழே, நில நூலை எப்போதும் மேலே பிடியுங்கள். ஒரு கையில் ஒரு நூலாக இரு கையாலும் பின்னுகிறவர்களுக்குக் கோல நூல் இடது கையில். நடுவில் இடம் மாற்றினால் அந்தச் சுற்றிலிருந்து கோலம் மங்கிவிடும். ஏன் மங்கியது என்று நூலைப் பார்த்துத் தேடிக்கொண்டிருப்போம், காரணம் விரலில் இருக்கும்.

உடல்

சிறிய ஊசியில் 200 கண்ணி ஏற்றுங்கள். 193 சட்டைக்கு, 7 வெட்டுப்பட்டைக்கு. முறுக்கில்லாமல் வட்டமாக இணைத்து, வெட்டுப்பட்டையின் நடுவில் ஒரு வளையம் மாட்டுங்கள். சுற்று அங்கே தொடங்கி அங்கேயே முடியும். புதுப் பந்து தொடங்குவதும் அங்கேதான். வெட்டும்போது அந்த நுனிகளெல்லாம் போய்விடும், ஒன்றைக்கூட ஊசியில் கோத்து மறைக்க வேண்டியதில்லை.

விளிம்பு 14 சுற்று, நில நிறத்தில் ஒரு நிட் ஒரு பர்ல். 193 ஒற்றைப்படை எண், அதனால் இரு ஓரத்திலும் நிட் வந்து நிற்கும். வெட்டுப்பட்டை 7 கண்ணியும் எப்போதும் நிட். பிறகு பெரிய ஊசிக்கு மாறி, கோலத்தைத் தொடங்குங்கள். 12 கண்ணிக் கோலம் 16 முறை, கடைசியில் ஒரு கண்ணி. வெட்டுப்பட்டையில் நிலம், கோலம், நிலம், கோலம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக நிறத்தை மாற்றுங்கள். ஓரங்களிரண்டும் நிலமாக இருக்கட்டும். 14ஆம் சுற்றில் மட்டும் பட்டையும் முழுதும் நிலம்தான். இந்தக் கோடுகள் பின்னால் வெட்டுக்கு வழிகாட்டும்.

ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு கண்ணிக்கும் வலது ஊசியில் உள்ளதை விரலால் விரித்துவிட்டு மேலே போங்கள். பின்னிழை துணியின் அகலத்துக்குப் படுத்திருக்க வேண்டும், வில் நாண் போல விறைக்கக் கூடாது. நிறைய கேட்கிறார்கள், பின்னிழையை நடுநடுவே பின்னலோடு சேர்த்துப் பிடிக்க வேண்டாமா என்று. இந்தக் கோலத்தில் ஐந்தைத் தாண்டுவதில்லை, பிடிக்க வேண்டாம்.

ஐந்து கோலம், அதாவது 70 சுற்று முடிந்ததும் கைக்குழி வரும். பட்டையைத் தாண்டி 42 கண்ணி முன்பக்கம் பின்னி, 11 கண்ணியைத் தனி நூலில் கோத்து நிறுத்தி, அந்த இடத்தில் புதிதாக 7 வெட்டுப்பட்டைக் கண்ணி ஏற்றுங்கள். 87 கண்ணி முதுகு. மறுபடி 11 நிறுத்தி, 7 ஏற்றி, கடைசி 42. இப்போது குழாயில் மூன்று வெட்டுப்பட்டைகள். இப்படியே இரண்டு கோலம், 28 சுற்று.

அடுத்தது கழுத்து. முன் வெட்டுப்பட்டையின் 7 கண்ணியையும் அதன் இருபுறமும் எட்டெட்டையும் சேர்த்து 23 கண்ணியைத் தனி நூலில் நிறுத்துங்கள். மேலே புதிதாக 7 பட்டைக் கண்ணி ஏற்றி வட்டத்தைத் தொடருங்கள். பட்டையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் ஒவ்வொரு கண்ணி, ஆறு முறை குறையுங்கள். 14 சுற்று முடியும்போது ஒவ்வொரு முன்பக்கத்திலும் 28 கண்ணி நிற்கும். முதுகில் 28 தோள், 31 கழுத்து, 28 தோள். பட்டைக் கண்ணிகளை மூடிவிட்டு, முன்தோளும் பின்தோளும் உள்புறம் வெளியே இருக்கும்படி சேர்த்துப் பிடித்து, மூன்றாவது ஊசியால் இரண்டிரண்டாக மூடுங்கள். இப்போது கையிலிருப்பது தலைகாணி உறை போல ஒன்று. பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கும்.

வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்தல்

வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு கொஞ்சம் விட்டு இருபது நிமிடம் ஊறவையுங்கள். தேய்க்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். கம்பளி கொஞ்சம் பூத்து, கண்ணியும் கண்ணியும் கவ்விக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் இதை வெட்டுக்கு முன்னால் செய்வது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டி விரித்து அதன்மேல் அளவுக்குப் பரப்புங்கள். கட்டிலுக்கு அடியிலும் காற்று போவதால் தரையில் காயப் போடுவதைவிடச் சீக்கிரம் காயும். வெயிலில் வேண்டாம், மின்விசிறிக்கு அடியில். தை மாதத்தில் ஒன்றரை நாள். ஐப்பசி அடைமழையில் மூன்று நாளானாலும் அக்குள் பக்கம் ஈரம் நிற்கும், முடை நாற்றமும் வந்துவிடும். அதனால் நனைக்கும் வேலையை அடைமழைக்குத் தள்ளாதீர்கள்.

தையலும் வெட்டும்

கொக்கி ஊசியால் சங்கிலி போட்டு ஓரத்தைப் பிணைத்து வெட்டுவதும் உண்டு. ஒட்டும் கம்பளிக்கு அது அழகான முறை. ஆனால் முதல்முறைக்கு மெஷின் தையலைத்தான் சொல்வேன், அதிலும் கால்மிதி மெஷினை. மோட்டார் மெஷின் ஓடிவிடும். காலால் மிதிக்கும்போது ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போகலாம்.

பட்டையின் ஏழு கண்ணியை இடமிருந்து 1 முதல் 7 என்று எண்ணுங்கள். நடுவிலுள்ளது 4. அதன் நெடுகிலும் வேறு நிற நூலைப் பெருந்தையலாக ஓட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். மெஷினில் தையல் நீளத்தை 2 மி.மீ. ஆக்கி, அமுக்கும் காலின் அழுத்தத்தைக் குறைத்து, துணிக்கு அடியில் மெல்லிய வெள்ளைத்தாள் வையுங்கள். துணியை இழுக்காமல் 3ஆம் கண்ணிநிரையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு தையல், அதை ஒட்டி இன்னொன்று. 5ஆம் நிரையிலும் இதேபோல இரண்டு. தாளைக் கிழித்தெடுங்கள். கழுத்தில் நிறுத்திய கண்ணிகளில் பட்டைக்குரிய 7ஐ முதலில் மூடிவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

முதலில் அளவுத்துண்டில் நாலு நிரை தைத்து வெட்டிப் பாருங்கள், கையால் இழுத்தும் பாருங்கள். அந்தத் துண்டு தரும் தைரியத்தை யாருடைய சொல்லும் தராது.

பிறகு சட்டை. காலை பத்து மணி வெளிச்சம், முற்றம், குழந்தைகள் இல்லாத நேரம். குழாய்க்குள் ஒரு கெட்டி அட்டையைச் செருகுங்கள், முதுகுப்பக்கம் கத்தரியில் மாட்டாமல் இருக்கும். சிறிய, கூர்மையான கத்தரிக்கோல். 4ஆம் கண்ணிநிரையைச் சற்று விரித்தால் நடுவில் ஏணிப்படி போலக் குறுக்கிழைகள் தெரியும். இரண்டு மூன்று படியாக அறுத்துக்கொண்டே போங்கள். ஒரே இழுப்பில் வெட்ட வேண்டாம். நான் முதல் சட்டையை வெட்டியபோது பக்கத்து வீட்டு மாமி கண்ணை மூடிக்கொண்டார்கள். "மாமி, தொறந்து பாருங்கோ, ஒண்ணும் ஆகலை" என்று நான்தான் தொட்டுக் காட்டினேன். ஓரம் சிறிது சிலுப்பிக்கொண்டு அப்படியே நின்றது.

முன்பக்கம் முடிந்ததும் கைக்குழிகளையும் இதே முறையில் தைத்து வெட்டுங்கள்.

கைகள்

கைக்குழியின் ஒரு பக்கத்தில் 7 வரிசைக்கு 6 கண்ணி வீதம் எடுங்கள். 42 வரிசையில் 36 வரும். தோள் தையலில் 1, மறுபக்கம் 36, கீழே நிறுத்தி வைத்த 11. ஆக 84, சரியாக ஏழு கோலம். அக்குளில் உள்ள 11இன் நடுக்கண்ணியை முதல் கண்ணியாக வைத்தால் கோலத்தின் நடு தோளின் உச்சியில் வந்து உட்காரும். அந்த முதல் கண்ணியின் இருபுறமும் ஐந்து சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக, பத்தொன்பது முறை குறையுங்கள். 98 சுற்று முடியும்போது 46 கண்ணி. விளிம்பின் முதல் சுற்றில் இன்னும் 4 குறைத்து 42 ஆக்கி, சிறிய ஊசியில் 14 சுற்று ஒரு நிட் ஒரு பர்ல், பின் தளர்வாக மூடுங்கள். கைவிளிம்பை இறுக்கி மூடினால் குழந்தை போட்டுக்கொள்ளாது.

பட்டியும் பொத்தானும்

முதலில் கழுத்து. நிறுத்திய 8, சரிவில் 12, முதுகில் 31, சரிவில் 12, நிறுத்திய 8. மொத்தம் 71. நில நிறத்தில் 8 வரிசை, ஒரு நிட் ஒரு பர்ல். பிறகு முன்பக்க ஓரம் ஒவ்வொன்றிலும் பட்டைக்கும் சட்டைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் 4 வரிசைக்கு 3 வீதமும் முடிவில் ஒன்று கூடுதலாகவும் 91 கண்ணி எடுத்து, 9 வரிசை. 5ஆம் வரிசையில் பொத்தான்துளை. ஓரத்தில் 4 விட்டு, நூலைச் சுற்றி இரண்டை ஒன்றாக்கினால் ஒரு துளை. அதன்பின் 14 கண்ணி விட்டு அடுத்தது. ஆறு துளை போக முடிவில் 5 நிற்கும். பெண்குழந்தைக்கு வலப்பக்கம், ஆண்குழந்தைக்கு இடப்பக்கம் என்பது வழக்கம்.

பட்டி எடுத்ததும் வெட்டிய ஓரம் தானாகவே உள்பக்கம் மடங்கும். தையலுக்கு வெளியே நீண்டிருக்கும் பிசிறை மட்டும் கத்தரித்து, மடிப்பைக் கம்பளி நூலாலேயே சாய்தையலாக உடம்போடு சேர்த்துத் தையுங்கள். பின்னிழையில் மட்டும் ஊசி மாட்ட வேண்டும், முகத்தில் தெரியக் கூடாது. முன்பக்கத்து மடிப்பின் மேல் பருத்தி ரிப்பன் வைத்து மூடலாம். பழைய பட்டுச்சேலைக் கரையை வைக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. சரிகை குழந்தையின் கழுத்தை உறுத்தும், துவைத்தால் கம்பளி ஒரு பக்கம் சரிகை ஒரு பக்கம் இழுக்கும் என்று விட்டுவிட்டேன். பொத்தான் தேங்காய்ச் சிரட்டையில் செய்தது. காவி நிறத்துக்கு அது அவ்வளவு பொருத்தம்.

இன்னொரு முறை நனைத்து விரித்தால் வேலை முடிந்தது. பார்சல் போகும் வரை எவர்சில்வர் டப்பாவில், துணியில் முடிந்த வசம்புத் துண்டோடு மூடி வையுங்கள். அந்துப்பூச்சிக்கு நம் ஊர் ஈரம் ரொம்பப் பிடிக்கும். சட்டைக்குள் முன்பக்கத்து மடிப்பில் காவி நூலும் வெள்ளை நூலும் ஐந்தைந்து மீட்டர் சுற்றித் தைத்து அனுப்புங்கள். முழங்கை தேய்ந்தால் அங்கே அந்த நிறம் தேடி அலைய வேண்டாம், சட்டையோடு சேர்ந்து அந்த நூலும் வெளுத்திருக்கும்.